மூன்று கேமராவிலும் ஒரே நீலம்

சரவணா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீ வாடகைக்கு எடுத்து வந்து வைத்துவிட்டுப் போன இரண்டு கேமராக்களின் பேட்டரிகளையும் கழற்றினேன். பல்கூடத் துலக்கவில்லை. லென்ஸ்களுக்கு மூடி போட்டு, கழுத்துப் பட்டைகளைச் சுருட்டி, எது எந்தப் பையில் வந்ததோ அதிலேயே திருப்பி வைத்தேன். மெமரி கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன், அவை நம்முடையவை. உன் நண்பன் பத்து மணி ரயிலில் சென்னைக்குப் போகும்போது வாங்கிக்கொண்டு போய்க் கடையில் ஒப்படைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். பெரிய கேமராவா, சின்னதா, எது வேண்டும் என்று நான்கு நாளாக நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய். "ஞாயித்துக்கெழமையோட ஆஃபர் முடியுதும்மா, சட்டுனு சொல்லு" என்று நேற்றும் செய்தி அனுப்பியிருந்தாய். பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். நான் எடுத்த படங்களில் நீலம் தப்பாக வந்தது. அதற்குக் காரணம் என்று நான் ஒருவரைக் கைகாட்டினேன். அவர் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது. கேமரா விஷயம் முழுக்க இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்த பாதியும் நான் சொன்ன பாதிதான். பழைய கேமரா உனக்காக வாங்கியது. நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் புகைப்படப் போட்டி என்றாய். கல்யாண போட்டோ எடுக்கும் ஒருவர், உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' என்ற புது வகைக் கேமரா, எடை குறைவு, பையன் கையில் நன்றாக நிற்கும் என்று சொல்லி, தான் பயன்படுத்தியதையே நமக்குக் கொடுத்தார். இரண்டு மாதம் நீ காக்கைகளையும் கோயில் குளத்தையும் எடுத்தாய். அப்புறம் கிரிக்கெட் வந்துவிட்டது. கேமரா பீரோவுக்குள் போனது. நான் பள்ளிக்கூட வேலையை விட்டு வீட்டில் இருந்த சமயம் அது. அடுத்த தெரு தேவகி அக்கா ஒருநாள் தன் போனை நீட்டினார். அவரும் அவர் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு தறியில் நெய்கிறவர்கள். "டீச்சர், இதப் பாருங்க. பட்டு மாதிரியா இருக்குது? பெங்களூர்க்காரன் கேக்குறான், இது கட்டிக்கிறதா லாரி மேல போடுறதான்னு" என்றார். உண்மையில் அந்தப் படத்தில் புடவை தார்ப்பாய் போலத்தான் இருந்தது. மறுநாள் காலை உன் கேமராவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது பதினோரு வீடுகளின் புடவைகளுக்கு நான்தான் படம் எடுக்கிறேன். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் புடவை வாங்குகிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று நீ கவனித்திருக்க மாட்டாய். காலை எட்டு மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம்தான் தெருவில் சரியான வெளிச்சம். வெயில் நேராக விழக்கூடாது. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வர வேண்டும். வாசலில் மூங்கில் கட்டி, புடவையைப் போட்டு, முந்தியை ஒரு பக்கம் விரித்து எடுப்பேன். தறியிலிருந்து இறங்கிய புடவை மதியத்துக்குள், வெளியூருக்கு அனுப்பும் வியாபாரியிடம் போய்விடும். ஒரு ராத்திரிகூட என்னிடம் தங்காது. ஆகவே அரை மணி நேரம் பார்த்த நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு, பிற்பகலில் கணினியில் உட்கார்ந்து படத்தின் நிறத்தைச் சரிசெய்வேன். நம் ஊர்ப் பட்டில் ஒரு நிறத்துக்குள் இரண்டு நிறம் இருக்கும். நீளவாக்கில் ஒரு நிற நூல், குறுக்கே வேறு நிற நூல். புடவை அசையும்போது ஒன்று மறைந்து மற்றது தெரியும். கேமரா ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும். இரண்டும் தெரிகிற மாதிரி படத்தைக் கொண்டுவருவதுதான் என் கைவேலை. "டீச்சர் போட்டோல பாத்தா கையில வச்சு பாத்த மாதிரி" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்கு மயக்கம் உண்டு. ஆரம்பத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்து எடுப்பேன். இது சாம்பல் என்று கேமராவுக்குக் காட்டிவிட்டால் மற்ற நிறங்களெல்லாம் தானாக இடத்துக்கு வந்துவிடும்; யார் கண்ணும் தேவையில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் அந்த அட்டையை விட்டுவிட்டேன். என் கண் போதும் என்று நினைத்தேன். பள்ளியில் ஒளியியல் நடத்தியவள் வேறு.

போன மாசிக்கு முன்னால், சேலத்தில் ஒரு கல்யாண வீட்டார் தேவகி அக்காவின் புடவை ஒன்றைப் படம் பார்த்து எடுத்தார்கள். நாவற்பழ நிறம். முகூர்த்தத்துக்கு என்று சொல்லித்தான் எடுத்தார்கள். புடவை போய்ச் சேர்ந்த அன்றைக்கே அங்கிருந்து போன். "நீலம்னு பாத்து எடுத்தோம், கறுப்பு வந்திருக்குது. பொண்ணு மணையில கறுப்பு கட்டிக்கினா உக்காரும்? பெரியவங்க தொடவே மாட்டேங்குறாங்க" என்று அந்தப் பெண்ணின் அம்மா அழுதாராம். புடவை திரும்பி வந்தது. அவர்களுக்கு, முகூர்த்தத்துக்கு மிச்சமிருந்த நான்கு நாளில் வேறு புடவை தேடும் அலைச்சல். தேவகி அக்காவும் அவர் வீட்டுக்காரரும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை, கேட்கத்தான் வந்தார்கள். நான் புடவையைப் பார்த்தேன், என் படத்தைப் பார்த்தேன். படத்தில் இருந்தது நீலம் கலந்த ஊதா. கையில் இருந்தது அதைவிட இருட்டு. "எடுத்த அன்னைக்கு இருந்த கலர்தான்க்கா படத்துல இருக்குது. சாயம் சரியா நிக்கலபோல, அப்புறமா கறுத்திருக்கும்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. என் படம் தப்பாக இருக்கலாம் என்ற வழியில் மனம் போகவே இல்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு புடவைகள் அதே மாதிரி திரும்பி வந்தன. ஒன்று நீலத்தில் பச்சை, இன்னொன்று கருநீலம். மூன்றுக்கும் சாயம் போட்டவர் பக்கத்தில் ஓரிக்கையில் இருக்கும் ரங்கய்யா. பேச்சு பரவ இதைவிட வேறென்ன வேண்டும்? தேவகி அக்கா வீட்டார் அவரிடம் நூல் கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நான்கு வீடுகள் நிறுத்தின.

ரங்கய்யா ஒருநாள் நம் வீட்டுக்கே வந்தார். உன்னிடம் நான் இதைச் சொல்லவில்லை. அறுபதுக்குப் பக்கத்தில் வயது, விரல் நகமெல்லாம் நிரந்தரமாக ஊதா. வாசலிலேயே நின்றார். ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் அதே கொப்பரையிலிருந்து ஒரு சிறு நூல் கத்தையை முடிச்சுப் போட்டு எடுத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அந்தக் கத்தையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "டீச்சரம்மா, அவங்க கேட்டது இது, நான் குடுத்தது இது. அந்தப் பொடவய இதும்மேல வச்சுப் பாருங்க. எறங்கவும் இல்ல, ஏறவும் இல்ல. நீங்க இன்னா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது, ஜனம் நீங்க சொன்னதாதான் சொல்லுது" என்றார். நான் கத்தையை வாங்கிப் பார்த்தேன். இருட்டாகத்தான் இருந்தது. "அப்போ குடுக்கும்போதே கறுப்பாத்தான் குடுத்திருக்கீங்க" என்றேன். அவர் என் கையிலிருந்த கத்தையை விரலால் தொட்டுக் காட்டினார். "அய்யோ ராமா, இது கறுப்பாம்மா? இது நேரேடு பண்டு. நாவப்பழம். பழத்த கையில வச்சுப் பாத்தவங்க இத கறுப்புன்னு சொல்ல மாட்டாங்களே" என்றார். நான் பள்ளிக்கூடத்துக் குரலில், ஈரம், வெயில், துணி உறிஞ்சும் ஒளி என்று என்னவெல்லாமோ விளக்கினேன். அவர் கத்தையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "சரிம்மா, நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று அன்று முழுக்க யோசித்தேன். அவர் சொன்னது சரியாக இருக்குமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

அந்த வாரம்தான் உன்னிடம், "கேமரா பழசாயிடுச்சுடா, கலர் சரியா வரல" என்று சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே விசித்திரமாக இருக்கிறது. ஊருக்குச் சாயம், உனக்குக் கேமரா. ஒரே தப்புக்கு இரண்டு காரணங்களை இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறேன், இரண்டையும் நம்பிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். நீ உடனே கிளம்பிவிட்டாய். ஓசூரிலிருந்து நேராகச் சென்னைக்குப் போய், இரண்டு கேமராக்களை ஐந்து நாள் வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை தோளில் இரண்டு பையோடு வந்து நின்றாய். "எதுவும் சொல்லாத. ரெண்டையும் யூஸ் பண்ணு. புடிச்சத நான் வாங்கித் தரேன். என் மொத போனஸ்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குப் பாடம் நடத்தினாய். பெரியதில் கண்ணைத் தேடிப் பிடித்துக் குவியம் வைக்கும் வசதி இருக்கிறது, மனிதக் கண், நாய்க் கண், பறக்கிற பறவையின் கண்ணைக்கூட விடாது என்று காட்டினாய். "பொடவைக்குக் கண்ணு ஏதுடா?" என்று நான் கேட்டதும் அப்பா சிரித்த சிரிப்பில் காபி கொட்டியது. அப்போதே நீ ஒன்று கேட்டாய். பழைய கேமராவைக் கையில் எடுத்து, பார்க்கும் துளைக்குப் பக்கத்தில், கண் பவருக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளும் சின்னச் சக்கரத்தைத் தொட்டு, "ஏம்மா, இத ஏன் கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருக்க?" என்றாய். "யாராவது கை பட்டிருக்கும்" என்றேன். யார் கையும் படவில்லை. நான்தான் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அதற்கு மேல் திரும்பாத இடத்துக்குக் கொண்டுபோயிருந்தேன்.

திங்களும் செவ்வாயும் மூன்றையும் ஒழுங்காகச் சோதித்தேன். நீ கேட்டதற்குப் பதிலாக இருக்கட்டும் என்று சொல்கிறேன், பெரிய கேமரா நல்ல கேமராதான். மிக நெருக்கமான நெசவை எடுக்கும்போது படத்தில் தண்ணீர் அலை போல வண்ணக் கோடுகள் ஓடும், பார்த்திருப்பாய். பெரியதில் அது குறைவு. தறி இருக்கும் அறையின் மங்கல் வெளிச்சத்திலும் சுத்தமாக எடுக்கிறது. ஆனால் கனம். ஸ்டூலின் மேல் ஏறி, ஒரு கையால் முந்தியை நீவிவிட்டு மறு கையால் எடுக்கிறவளுக்கு அந்தக் கனம் மணிக்கட்டில் தெரிகிறது. என்னிடம் இருக்கும் இரண்டு லென்ஸ்களும் அதற்குப் பொருந்தாது. சின்னதற்கு அவை அப்படியே பொருந்துகின்றன. அதன் திரையை வெளியே இழுத்துத் திருப்பிக்கொள்ளலாம் என்பதால் தலைக்கு மேலே தூக்கி எடுக்க வசதி. சத்தமே இல்லாமல் எடுக்கும் வழி இரண்டிலும் இருக்கிறது, வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கில் அப்படி எடுத்தால் இரண்டிலும் படத்தின் குறுக்கே பட்டை விழுகிறது. பட்டனை அழுத்தியதும் சத்தம் வராவிட்டால் எனக்கு எடுத்த மாதிரியே இல்லை, ஒரே படத்தை நாலு தரம் எடுத்து வைக்கிறேன். இதுவரைக்கும் எல்லாம் சாதாரண ஒப்பீடு. செவ்வாய்க்கிழமை காலையில்தான் அது வேறு எங்கோ போனது.

தேவகி அக்கா பீரோவில் அந்தச் சேலத்துப் புடவை இன்னும் இருக்கிறது. யாரும் வாங்கவில்லை. அதைத்தான் மூங்கிலில் போடச் சொன்னேன். மூன்று கேமராவையும் சமமாக ஒப்பிட வேண்டும், கேமராவைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது என்று, பழைய சாம்பல் அட்டையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு படம். அட்டையைக் கொண்டு சரிசெய்த மூன்றையும் அப்படியே வைத்துவிட்டு, அவற்றின் நகலை என் வழக்கப்படி கண்ணால் சரிசெய்தேன். மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஆறு. எது எது என்று சொல்லாமல் மடிக்கணினியைத் தேவகி அக்காவின் முன்னால் வைத்தேன். அவர் புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இது சரி. இது சரி. இதுவும் சரி. இந்த மூணும் அழகா இருக்குது டீச்சர், ஆனா எங்க பொடவ இல்ல" என்றார். அவர் சரி என்ற மூன்றும் அட்டை செய்தவை. அழகாக இருந்த மூன்றும் நான் செய்தவை. உன் பெரிய கேமரா, சின்னக் கேமரா, என் பழைய கேமரா மூன்றிலும் ஒரே நீலம், ஒரே அளவு கூடுதலாக. எனக்கோ அந்த மூன்றுதான் சரியாகத் தெரிந்தன. அக்கா, "அப்போ புது கேமராவுல சரியா வருது, இல்ல?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். வீட்டுக்கு வந்து, மாசிக்கு முன் எடுத்த அதே புடவையின் தொடாத மூலப்படத்தைத் தேடித் திறந்தேன். ரங்கய்யா பையிலிருந்து எடுத்துக் காட்டிய கத்தையின் நிறம் அதில் அப்படியே இருந்தது. சாயம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மாடியில் உன் அப்பாவின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இடக்கண்ணுக்கு வேட்டி வெள்ளை. வலக்கண்ணுக்கு டீத்தண்ணீரில் நனைத்து எடுத்த வெள்ளை. நான் கேமராவில் பார்ப்பது வலக்கண்ணால். இவ்வளவு நாள் இப்படி ஒரு கண்ணை மூடிப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றுவதற்குக் காரணமும் இல்லை, இரண்டும் சேர்ந்து சமாளித்துக்கொண்டிருந்தன. நேற்றுக் கண் மருத்துவமனைக்குப் போனேன். கண்ணில் மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்து, அந்த டாக்டர் பெண் விளக்கை வைத்துப் பார்த்தாள். உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "புரை ஆரம்பிச்சிருக்கு ஆன்ட்டி. ரைட்ல நல்லாவே இருக்கு, லெஃப்ட்ல லேசா. நாப்பத்தாறுக்கு இது சீக்கிரம்தான், ஆனா சின்ன வயசுலேர்ந்து பவர் அதிகமா இருக்கிறவங்களுக்கு இப்படி வரும். நீலம் கொறஞ்சு தெரியும், மெதுவா கொறையறதால நமக்கே தெரியாது" என்றாள். திரையில் நீலம் குறைவாகத் தெரிய, கண் நன்றாக இருந்த நாளில் மனதில் பதிந்த நீலம் வரும்வரை நான் அதை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். எவ்வளவு நாளாக இருக்கும் என்று கேட்டேன். ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும் என்றாள். மூன்று புடவைகளை மட்டும்தான் திருப்பி அனுப்பினார்கள் என்பது என் அதிர்ஷ்டம் போலிருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை, வலக்கண்ணுக்குச் சின்ன அறுவை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். இதை நீ பெரிதுபடுத்தி லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைப் பற்றிக் கேட்டதும் பயந்துவிட்டார், டாக்டர் சொன்னதை மூன்று முறை சொல்லவைத்தார். அப்புறம் தெளிந்து, "நல்லதாப் போச்சு. ஆபரேஷனும் பண்ணிக்கோ, பையன் வாங்கித் தர்ற கேமராவையும் வாங்கிக்கோ. புது கேமரா வந்ததும் சரியாயிடுச்சுன்னு சொல்லிடு, முடிஞ்சிச்சு" என்றார். "ரங்கய்யாவுக்கு?" என்று கேட்டேன். "அவருக்கு இன்னா, ஆளா இல்ல? கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும்" என்றார். "சரியாவலன்னா?" "ஏம்மா, நீயா போய் எனக்குக் கண்ணு தெரியலன்னு தண்டோரா போட்டுக்கினா, நாளைக்கு எவ உன் கையில பொடவ குடுப்பா? பஸ் ஸ்டாண்டாண்ட பொம்மைக்குக் கட்டிவிட்டு எடுக்குறான் ஒருத்தன், எல்லாம் அங்க போயிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் பக்கம் நின்றுதான் சொன்னார். அவர் சொல்கிறபடி செய்தால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கண் சரியாகிவிடும், படம் சரியாக வரும், பதினோரு வீடும் என்னிடமே இருக்கும். ரங்கய்யா மட்டும் சாயம் நிற்காத ரங்கய்யாவாகவே இருப்பார்.

இந்த இடத்தில் உன்னிடமும் ஒரு பாக்கி இருக்கிறது. நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது, எடுக்கிற எல்லாப் படத்திலும் வலது மூலையில் ஒரு கறும்புள்ளி வந்தது. நீதான் லென்ஸைக் கழற்றி உள்ளே விரல் வைத்துவிட்டாய் என்று சொன்னேன். "நான் தொடவே இல்லம்மா" என்றாய். "பொய் வேற பேசுறியா?" என்று கேட்டு, அப்பாவின் எதிரில் முதுகில் ஒன்று வைத்தேன். மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுத்தபோது கடைக்காரர், உள்ளே இருந்தது பட்டுத் தூசி என்றார். தறிக்குப் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றியது நான்தான், நீ தறி இருக்கும் வீட்டுக்குள் அந்தக் கேமராவோடு போனதே இல்லை. அன்றைக்கு உனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் செய்து போட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை. வறுவலைச் சாப்பிட்டுவிட்டு நீயும் பேச ஆரம்பித்துவிட்டாய், சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். சரவணா, அதை நீ செய்யவில்லை, நான் செய்தேன். ஒன்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன். தாமதமாகச் சொன்னாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே. எழுதும்போது எனக்கே தெரிகிறது, ஒன்று இல்லை.

நீ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாய். ஒரு பாகம் தப்பாக வந்தால் மூலகாரணத்தைத் தேடிக்கொண்டே போவோம், கிடைக்கும்வரை யார்மேலும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று பெருமையாகச் சொன்னாய். நல்ல வேலை. அதில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்துக்கொள். இயந்திரத்தைப் பார், பொருளைப் பார், பக்கத்தில் நிற்கிறவனையும் பார். ஆனால் அளந்து பார்க்கிற ஆளையும் ஒருமுறை அளந்து பார். அந்த ஆள் நாமாக இருந்தால் அது நினைவுக்கு வராது. நான் இயற்பியல் படித்தவள், சோதனையில் என்னென்ன மாறலாம் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். பார்க்கிறவர் என்று ஒருநாளும் எழுதியதில்லை. ரங்கய்யா மாதிரிக்கென்று நூல் கத்தை எடுத்து வைத்திருந்தார். என்னிடம் சாம்பல் அட்டை இருந்தது. அவர் தன் கையை நம்பினாலும் கத்தையை விடவில்லை. நான் விட்டேன். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அவர் என்னைப் படித்தவள் என்கிறார்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். இரண்டும் வேண்டாம். பழைய கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. அட்டையை வைத்தால் மற்ற இரண்டும் எடுக்கிற அதே நாவற்பழத்தைத்தான் அதுவும் எடுக்கிறது. புதிதற்கு எதற்காக மாற வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். சின்னதில் திரை திரும்பும், பெரியதில் அலைக்கோடு கொஞ்சம் குறையும். இவை வசதிகள், தேவைகள் அல்ல. பின்னால் என்றைக்காவது இந்தக் கேமரா நிஜமாகவே நின்றுபோனால் சின்னதை வாங்கு, பெரியது எனக்கு வேண்டாம். ஆனால் இப்போது வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. இப்போது புதுக் கேமரா இந்த வீட்டுக்குள் வந்தால், நான் தேவகி அக்காவிடம் சொன்ன அந்த "ம்" உண்மையாகிவிடும். அந்தப் பொய்க்கு ஒரு பெட்டியும் வாரண்டி கார்டும் கிடைத்துவிடும். அப்புறம் நான் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. உன் முதல் போனஸ் அதற்குப் போக வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. நீ இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்திருந்தால் மூன்று கேமராவை வரிசையாக வைத்துப் பார்க்கும் யோசனையே எனக்கு வந்திருக்காது. அந்த விதத்தில் நீ வாங்கித் தர நினைத்ததைவிடப் பெரியதை ஏற்கெனவே கொடுத்துவிட்டாய்.

இனி யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். நாளைக் காலை தேவகி அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஓரிக்கைக்குப் போகப் போகிறேன். எதற்கு என்று அவருக்கும் சொல்லவில்லை, சாயம் பார்க்க ஒரு இடத்துக்கு வாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ரங்கய்யாவின் வீட்டில், அவருடைய ஆட்கள் இருக்கும்போது, தேவகி அக்காவுக்கும் கேட்கிற மாதிரி, சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை, என் கண்ணில்தான் கோளாறு, தெரியாமல் பழியை உங்கள்மேல் போட்டேன் என்று சொல்வேன். அப்புறம் மற்ற நான்கு வீடுகளுக்கும் நானே போய்ச் சொல்வேன். கண் சரியாகும்வரை நீலம், பச்சை, ஊதா எதையும் எடுக்கமாட்டேன். அதற்கப்புறமும் என்னிடம் புடவை கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம். பதினோரு வீடு இரண்டாகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். அப்பாவிடம் சொன்னால் வருத்தப்படுவார், தடுப்பார், அவர் தடுத்தால் நான் நின்றுவிடுவேன் என்று எனக்குப் பயம். உன்னிடம் போனில் சொன்னால் நீயும் அதையேதான் சொல்வாய், என் மேல் உள்ள பிரியத்தால். அதனால்தான் போன் செய்யாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைத் தபாலில்தான் போடப்போகிறேன். உன் கைக்கு வந்து சேர எப்படியும் இரண்டு நாள் ஆகும். அதற்குள் நான் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அம்மா